வரைகலை அட்டைக் குளிர்விப்பு மேம்பாடு

வரைகலை அட்டைக் குளிர்விப்பு மேம்பாடு என்பது, கணினியின் வரைகலை அட்டையுடன் தயாரிப்பாளர் பொருத்தித் தரும் குளிர்விப்பானை அகற்றி, அதனினும் திறன் மிக்க வேறொன்றைப் பொருத்துவதாகும். ஓவர்கிளாக்கிங் எனப் பரவலாக அறியப்படும் மிகைவேகப்படுத்தலில் ஈடுபடுவோரே இதனைப் பெரிதும் நாடுகின்றனர். விசிறியின் இரைச்சலைக் குறைக்கவும், பழுதான விசிறிக்கு மாற்றாகவும், தயாரிப்பாளர் அறிவித்த வேகத்தையே முழுமையாகப் பெறவும் இதனைச் செய்வோரும் உளர். கடைசியாகக் கூறிய காரணத்திற்கு 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த ஏஎம்டி ரேடியான் ஆர்9 290எக்ஸ் அட்டை நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அது இக்கட்டுரையில் தனியே விரித்துரைக்கப்படுகிறது.

வெப்பம் உண்டாகும் விதம்

வரைகலைச் செயலி என்பது பல நூறு கோடி திரிதடையங்களைக் கொண்ட ஒரு சிலிக்கான் சில்லு ஆகும். ஒரு திரிதடையம் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னூட்டம் நிரப்பப்பட்டு, பின்னர் வடிக்கப்படுகிறது. இதற்குச் செலவாகும் ஆற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. திரையில் தோன்றும் படத்திற்காகச் செயலி எவ்வளவு உழைத்தாலும், உள்ளே சென்ற மின்திறன் அத்தனையும் வெப்பமாக வெளிவந்தே தீர வேண்டும். 250 வாட் மின்திறனை எடுத்துக்கொள்ளும் அட்டை, 250 வாட் சூடேற்றிக்கு ஒப்பாகும்.

நிலைமாற்றத்தால் செலவாகும் மின்திறன் மூன்று காரணிகளைப் பொறுத்தது. அது மின்தேக்கத்திற்கும், கடிகார அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. இதில் மின்னழுத்தம் வர்க்கமாக இடம்பெறுவதே மிகைவேகப்படுத்துவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும். அதிர்வெண்ணை மட்டும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறனும் ஏறத்தாழ 10 விழுக்காடே கூடும். ஆனால் அவ்வேகத்தில் செயலி நிலையாக இயங்குவதற்காக மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட நேர்ந்தால், 1.1 × 1.1 × 1.1 = 1.331 என்றாகி, மின்திறன் 33 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. பத்து விழுக்காட்டு வேகத்திற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம் விலையாகத் தரப்படுகிறது.

இதனுடன் கசிவு மின்னோட்டமும் சேர்கிறது. திரிதடையங்கள் அணைந்த நிலையில் இருக்கும்போதும் அவற்றினூடே சிறிது மின்னோட்டம் கசிகிறது. வெப்பநிலை உயர உயர இக்கசிவும் உயர்கிறது. எனவே சூடான சில்லு, சூடாக இருப்பதனாலேயே மேலும் சூடாகிறது. இதன் மறுபக்கம் பயனுள்ளது. நல்ல குளிர்விப்பானைப் பொருத்தினால், வேகத்தில் எவ்வித மாற்றமும் செய்யாமலேயே அட்டை எடுத்துக்கொள்ளும் மின்திறன் சற்றுக் குறைகிறது.

வெப்பம் வெளியேறும் பாதை

சில்லில் பிறக்கும் வெப்பம் வெப்பப் பசை, குளிர்விப்பானின் அடித்தளம், வெப்பக்குழாய்கள், அலுமினியச் செதில்கள் ஆகியவற்றைக் கடந்து காற்றைச் சென்றடைகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை உண்டு. இத்தடைகளின் கூட்டுத்தொகை வெப்பத்தடை எனப்படும். ஒரு வாட்டுக்கு எத்தனை பாகை வெப்பநிலை உயர்கிறது என்பதால் அது அளக்கப்படுகிறது.

வெப்பநிலை உயர்வு = மின்திறன் × வெப்பத்தடை

கணக்கொன்றின் மூலம் இதனை விளக்கலாம். 200 வாட் வெளியிடும் ஓர் அட்டையின் குளிர்விப்பான், வாட்டுக்கு 0.25 பாகை வெப்பத்தடை கொண்டது எனக் கொள்வோம். உயர்வு 50 பாகை. சுற்றியுள்ள காற்று 30 பாகை செல்சியஸ் எனில், சில்லு 80 பாகையில் நிற்கும். மேற்கண்டவாறு வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் 266 வாட் ஆகிறது. சில்லின் வெப்பநிலை 96 பாகையைக் கடக்கிறது. பெரும்பாலான அட்டைகள் இந்நிலையில் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். 0.15 பாகை வெப்பத்தடை கொண்ட குளிர்விப்பானைப் பொருத்தினால், அதே 266 வாட்டில் வெப்பநிலை ஏறத்தாழ 70 பாகையாக இறங்குகிறது. அறையின் வெப்பநிலை இக்கணக்கில் நேரடியாகக் கூட்டப்படுவதைக் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டு ஆய்வாளர் ஒருவர் 20 பாகை அறையில் அளந்து வெளியிடும் எண்ணை, 35 பாகை அறையில் இருப்பவர் அப்படியே எதிர்பார்த்தல் ஆகாது. 15 பாகையைக் கூட்டியே படிக்க வேண்டும்.

வெப்பப் பசையின் பங்கு பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 400 வாட்; அலுமினியத்திற்கு 237; அசையாத காற்றுக்கு வெறும் 0.026. பளபளப்பாகத் தெரியும் இரு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அவற்றிடையே கண்ணுக்குப் புலப்படாத குழிகளில் காற்று தங்கிவிடுகிறது. அக்காற்றை வெளியேற்றுவதே பசையின் வேலை. சாதாரணப் பசையின் கடத்துதிறன் காற்றைவிட நூறு மடங்கிற்கும் கூடுதலாக இருப்பினும், செம்போடு ஒப்பிடப் பல மடங்கு குறைவு. ஆகவே பசையை அள்ளிப் பூசுவதால் நன்மை இல்லை. குழிகளை நிரப்பும் மெல்லிய படலமே போதுமானது.

வரலாறு

1996 ஆம் ஆண்டில் வெளிவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை 50 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் சில்லுகளின் மீது விசிறியும் இல்லை, வெப்ப உறிஞ்சியும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து 1999 இல் வந்த வூடூ3 வரிசையில் வெப்ப உறிஞ்சி இடம்பெற்றது. இவ்வரிசையில் 143 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 2000 என்ற மாதிரியும், 166 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 3000 என்ற மாதிரியும் ஒரே சில்லையே பயன்படுத்தின. விலை குறைந்த மாதிரியை வாங்கி, அதன் வெப்ப உறிஞ்சியின் மீது ஒரு சிறு விசிறியைக் கட்டி, விலை கூடிய மாதிரியின் வேகத்திற்கு உயர்த்தும் வழக்கம் ஆர்வலரிடையே பரவியது. குளிர்விப்பு மேம்பாடு ஒரு பொழுதுபோக்காக வேர்விட்டது இக்காலத்தில்தான். அதே ஆண்டின் இறுதியில் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 ஐ வெளியிட்டது.

2003 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா, குளிர்விப்பின் வரலாற்றில் ஒரு திருப்பம். போட்டியாளரான ஏடிஐயின் ரேடியான் 9700 புரோ 325 மெகாஹெர்ட்ஸில் இயங்கியபோது, அதனை முந்துவதற்காக இச்சில்லு 500 மெகாஹெர்ட்ஸில் இயக்கப்பட்டது. அவ்வெப்பத்தைச் சமாளிக்க, இரு செருகுவாய்களின் இடத்தை அடைக்கும் ஓர் ஊதுவிசிறி அமைப்பு பொருத்தப்பட்டது. அதன் இரைச்சலைக் கேட்டவர்கள் அட்டைக்குத் தூசு உறிஞ்சும் கருவியின் பெயரைச் சூட்டினர். என்விடியா நிறுவனமே தன்னைக் கேலி செய்து, சருகு ஊதும் இயந்திரமாக அவ்வட்டையைக் காட்டும் நிகழ்படம் ஒன்றைத் தயாரித்தது. சில மாதங்களிலேயே 5900 வரிசை அதன் இடத்தைப் பிடித்தது. அன்று கேலிக்குரியதாக இருந்த இரு செருகுவாய் அகலம், பின்னர் உயர்நிலை அட்டைகளின் இயல்பான அளவாகவே ஆகிவிட்டது.

இரைச்சலால் சலிப்புற்றவர்களை நோக்கியே தனிக் குளிர்விப்பான்களின் சந்தை வளர்ந்தது. தென்கொரியாவின் சல்மன் நிறுவனம் விசிறியற்ற வெப்பக்குழாய்க் குளிர்விப்பான்களையும், மலரிதழ் போல விரிந்த செதில்களைக் கொண்ட விஎஃப்700, விஎஃப்900 ஆகியவற்றையும் வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் ஆர்க்டிக் கூலிங் நிறுவனம் விஜிஏ சைலன்சர், அக்செலரோ என்னும் வரிசைகளால் அறியப்பட்டது. வெப்பப் பசை தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஆர்க்டிக் சில்வர் இதனின்றும் வேறானது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

ஒரே வடிவமைப்பு, செம்மைப்படுத்தலாலும் நல்ல குளிர்விப்பானாலும் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு 2010 ஆம் ஆண்டு ஒரு சான்றாகும். அவ்வாண்டு மார்ச்சில் வந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480, 250 வாட் மின்திறனுடனும் 90 பாகையைத் தாண்டும் வெப்பநிலையுடனும் கடும் விமர்சனத்திற்கு உள்ளானது. அதன் சில்லிலிருந்த 512 கணிப்பு அலகுகளில் 480 மட்டுமே இயக்கப்பட்டன. நவம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 580 இல் 512 அலகுகளும் இயங்கின. வேகமும் 700 இலிருந்து 772 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தது. அட்டையோ முன்னதைவிடக் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இயங்கியது. சில்லினுள் செய்யப்பட்ட திருத்தங்களுடன், ஆவி அறை எனப்படும் புதிய குளிர்விப்பு அமைப்பும் இதற்குக் காரணமாகும்.

குளிர்விப்பான் வகைகள்

வெப்பக்குழாய் என்பது இருமுனையும் மூடப்பட்ட செம்புக் குழாய். அதனுள் தாழ்ந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று நீராகி, உட்சுவரிலுள்ள திரி போன்ற அமைப்பின் வழியே திரும்புகிறது. இதனால் அது திண்மச் செம்புக் கம்பியைவிடப் பன்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆவி அறை என்பது இதே தத்துவத்தில் அமைந்த தட்டையான பெட்டி. இவ்விரண்டும் உள்ளிருக்கும் நீரின் அளவைச் சார்ந்தவை. 2022 டிசம்பரில் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டைகள் சிலவற்றில் ஆவி அறையினுள் நீர் போதாமையால் சில்லின் சூடான புள்ளி 110 பாகையைத் தொட்டது. ஏஎம்டி நிறுவனம் 2023 சனவரியில் இக்குறையை ஒப்புக்கொண்டு அட்டைகளை மாற்றித் தந்தது.

காற்றுக் குளிர்விப்பான்கள் இருவகைப்படும். ஊதுவிசிறி வகையில் ஒற்றை விசிறி காற்றை அட்டையின் நீளவாக்கில் செலுத்திக் கணினிப் பெட்டியின் பின்புறம் வெளியேற்றுகிறது. திறந்த வகையில் இரண்டு அல்லது மூன்று அச்சு விசிறிகள் செதில்களின் மீது காற்றை வீசுகின்றன. இரண்டாவது வகை பெரும்பாலும் குளிர்ச்சி மிக்கது, அமைதியானது. ஆனால் வெப்பக் காற்று பெட்டியினுள்ளேயே விடப்படுகிறது. பெட்டிக்குப் போதிய காற்றோட்டம் இல்லையெனில், வரைகலை அட்டை குளிர்ந்து மையச் செயலி சூடாகும். வழக்கமான ஏடிஎக்ஸ் கோபுரப் பெட்டிகளில் அட்டையின் சில்லுள்ள பக்கம் கீழ்நோக்கி அமைவதால், மேலெழும் சூடான காற்று பலகையின் அடியிலேயே தேங்குவதும் ஒரு குறையாகும்.

விசிறியின் வேகத்தைக் கூட்டுவது எளிய வழி எனினும் அதற்கு எல்லை உண்டு. வேகம் இரட்டிப்பானால் காற்றோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இரைச்சலோ சுமார் 15 டெசிபல் கூடுகிறது. பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது சிறிய விசிறியை வேகமாகச் சுழற்றுவதைவிடச் சிறந்தது என்பதற்கு இதுவே காரணம்.

நீர்க் குளிர்விப்பில், சில்லின் மீதுள்ள செம்புத் தொகுதியினூடே நீர் பாய்ந்து, வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. நிமிடத்திற்கு 1 லிட்டர் பாயும் சுற்றில் 250 வாட் சேர்க்கப்பட்டால், தொகுதியைக் கடக்கும் நீர் 3.6 பாகை மட்டுமே சூடாகிறது. ஆகவே சுற்று முழுவதும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. எந்தப் பாகத்தை எந்தப் பாகத்திற்கு முன் இணைப்பது என்ற விவாதம் பெரிதும் தேவையற்றது. செம்புத் தொகுதியையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் இணைப்பதுதான் உண்மையில் தவிர்க்க வேண்டியது. இவை மின்வேதி முறையில் அரிப்பை உண்டாக்கும். நீர்ம நைதரசன் கொண்டு −196 பாகை வரை குளிர்விக்கும் முறை, சாதனைப் போட்டிகளில் சில மணி நேரங்களுக்கு மட்டுமே பயன்படுகிறது.

ரேடியான் ஆர்9 290எக்ஸ்

ஏஎம்டி நிறுவனம் 2013 அக்டோபர் 24 அன்று 549 அமெரிக்க டாலர் விலையில் இவ்வட்டையை வெளியிட்டது. ஹவாய் எனப் பெயரிடப்பட்ட இதன் சில்லு 28 நானோமீட்டர் முறையில் தயாரிக்கப்பட்டது. 438 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 620 கோடி திரிதடையங்களைக் கொண்டது. விளம்பரங்களில் இதன் வேகம் "1 கிகாஹெர்ட்ஸ் வரை" எனக் குறிக்கப்பட்டது. அந்த "வரை" என்னும் சொல்லிலேயே சிக்கல் அடங்கியிருந்தது.

அட்டையின் ஊதுவிசிறி, அமைதி முறையில் தன் உச்ச வேகத்தில் 40 விழுக்காட்டிற்கு மேல் சுழலாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சில்லின் வெப்பநிலை 95 பாகையை எட்டியதும் முதலில் விசிறியின் வேகம் 40 விழுக்காடு வரை உயர்த்தப்படும். அதுவும் போதாதெனில் கடிகார வேகம் குறைக்கப்படும். 95 பாகை என்பது பழுதன்று, திட்டமிடப்பட்ட இயங்கு நிலையே என்று நிறுவனம் விளக்கியது. சில்லின் ஆயுளைப் பொறுத்தவரை அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆயினும் விளைவு என்னவெனில், விளையாட்டைத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் 1 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய அட்டை, சூடேறிய பின்னர் அதனினும் குறைந்த வேகத்திற்கு இறங்கியது. குறுகிய நேரச் சோதனையில் கிடைத்த எண்ணும், ஒரு மணி நேர விளையாட்டில் கிடைத்த எண்ணும் வேறுபட்டன. அட்டையிலுள்ள சிறு நிலைமாற்றியைத் தள்ளி மற்றொரு முறைக்கு மாற்றினால் விசிறியின் எல்லை 55 விழுக்காடாகும். வேகம் நிலைக்கும், இரைச்சல் பெருகும்.

நவம்பர் 5 அன்று வெளிவந்த, 399 டாலர் விலையுள்ள ஆர்9 290 இல் இவ்வெல்லை கடைசி நேரத்தில் 40 இலிருந்து 47 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஏழு விழுக்காட்டு விசிறி வேகம் ஓர் அட்டையின் தரவரிசையையே மாற்றியது. இதற்கிடையில், ஆய்வாளர்களுக்கு அனுப்பப்பட்ட அட்டைகளைவிடக் கடையில் வாங்கிய சில அட்டைகள் மெதுவாக இயங்குவதாகக் கண்டறியப்பட்டது. விசிறியின் எல்லை விழுக்காட்டில் அமைக்கப்பட்டிருந்ததும், ஒரே விழுக்காட்டில் வெவ்வேறு விசிறிகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றதும் இதற்கான காரணங்களுள் ஒன்று. 290எக்ஸ் அட்டைக்கு நிமிடத்திற்கு 2200 சுழற்சி, 290 அட்டைக்கு 2650 சுழற்சி எனச் சுழற்சி எண்ணிக்கையையே இலக்காகக் கொள்ளும் மென்பொருள் இயக்கியை நிறுவனம் வெளியிட்டு இதனைச் சீர்செய்தது. பணம் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைக்கும் வேகம், சில்லின் தரத்தைப் போலவே ஒரு சிறு விசிறியின் மோட்டாரையும் சார்ந்திருந்தது.

ஆகவே இவ்வட்டையின் குளிர்விப்பானை மாற்றியவர்கள் பெற்ற முதற்பயன் மிகைவேகம் அன்று; தாம் ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிய 1 கிகாஹெர்ட்ஸ் வேகமே. மிகைவேகப்படுத்தல் அதற்குப் பின்னரே தொடங்கியது. அப்போது மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்பட்டன.

முதலாவது, ஆர்க்டிக் நிறுவனத்தின் அக்செலரோ எக்ஸ்ட்ரீம் 3. 92 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று, வெப்பக்குழாய்கள் ஐந்து, அலுமினியச் செதில்கள் 84 கொண்ட இது 300 வாட் வரை கையாளும் என அறிவிக்கப்பட்டது. சில்லின் வெப்பநிலையும் இரைச்சலும் ஒருசேரக் குறைந்தன. ஆனால் நினைவகச் சில்லுகளுக்கும் மின்னழுத்தச் சீராக்கிகளுக்கும் தனித்தனியே சிறு வெப்ப உறிஞ்சிகளை வெப்பப் பசையால் நிலையாக ஒட்ட வேண்டியிருந்தது. 290எக்ஸ் அட்டையில் நினைவகச் சில்லுகள் மட்டுமே 16. ஒட்டியதைப் பின்னர் பிரிப்பது கடினம்; பிரித்தால் சில்லும் உடன் பெயர்ந்து வரும் இடர் உண்டு. 2014 இல் வந்த எக்ஸ்ட்ரீம் 4 இல் ஒட்டுதல் கைவிடப்பட்டு, அட்டையின் பின்புறத்தில் ஒரு பெரிய வெப்ப உறிஞ்சி வைக்கப்பட்டது.

இரண்டாவது வழி சற்று விந்தையானது. மையச் செயலிக்கென விற்கப்படும் மூடிய நீர்க் குளிர்விப்பானை வரைகலைச் சில்லின் மீது பொருத்துவதற்கான உலோகச் சட்டம் ஒன்றை என்இசட்எக்ஸ்டி நிறுவனம் கிராக்கன் ஜி10 என்னும் பெயரில் வெளியிட்டது. சில்லின் வெப்பநிலை வெகுவாக இறங்கியது. எனினும் நீர் சில்லை மட்டுமே தொட்டது. அருகிலிருந்த மின்னழுத்தச் சீராக்கிகளுக்குச் சட்டத்திலிருந்த 92 மில்லிமீட்டர் விசிறியின் காற்று மட்டுமே துணை. திரையில் 60 பாகை எனக் காட்டும் சில்லைக் கண்டு மகிழ்ந்து மின்னழுத்தத்தை உயர்த்தியவர்களின் அட்டையில், சீராக்கிகள் 100 பாகையைக் கடந்திருக்கக்கூடும். நல்வாய்ப்பாக இவ்வட்டை சீராக்கிகளின் வெப்பநிலையையும் அளந்து காட்டியது. ஜிபியு-இசட் போன்ற மென்பொருளில் அதனைக் காணலாம். எல்லா அட்டைகளிலும் இவ்வசதி கிடையாது. இத்தகைய மேம்பாட்டில் சில்லின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பவர், நோயாளியின் ஒரு கையை மட்டும் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு ஒப்பாவார்.

மூன்றாவது, அட்டை முழுவதையும் மூடும் நீர்த்தொகுதி. சில்லு, நினைவகம், சீராக்கி மூன்றையும் ஒரே செம்புத் தொகுதி தொடும். மூன்றிலும் சிறந்தது இதுவே, விலை கூடியதும் இதுவே. தொகுதி ஒரு குறிப்பிட்ட அட்டைக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அட்டையை மாற்றும்போது அதுவும் பயனற்றுப் போகிறது.

2013 இறுதியிலிருந்து பிற நிறுவனங்கள் தம் சொந்தக் குளிர்விப்பான்களுடன் இதே சில்லை விற்கத் தொடங்கியதும், மேம்பாட்டின் தேவை பெரிதும் குறைந்தது. அவற்றிலும் ஒரு படிப்பினை இருந்தது. வேறொரு பெரிய சில்லுக்கென வடிவமைக்கப்பட்ட குளிர்விப்பானையே இதற்கும் பயன்படுத்திய ஒரு மாதிரியில், ஐந்து வெப்பக்குழாய்களில் மூன்று மட்டுமே சில்லை நேரடியாகத் தொட்டன. குழாய்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அவை சில்லின் மீது அமைகின்றனவா எனப் பார்ப்பதே முறையாகும். ஏஎம்டி நிறுவனமும் தன் அடுத்த உயர்நிலை அட்டைகளான ஆர்9 295எக்ஸ்2 (2014), ஆர்9 ஃபியூரி எக்ஸ் (2015) ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே நீர்க் குளிர்விப்புடன் வெளியிட்டது.

பொருத்தும் முறை

குளிர்விப்பானை வாங்குமுன் சில்லைச் சுற்றியுள்ள திருகுத் துளைகளின் இடைவெளி, பெட்டியினுள் கிடைக்கும் நீளம், அடைபடும் செருகுவாய்களின் எண்ணிக்கை ஆகியவை ஒப்புநோக்கப்படுகின்றன. மின்வழங்கியின் திறனும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட், ஆறு முள் இணைப்பு 75 வாட், எட்டு முள் இணைப்பு 150 வாட் என்பன தரநிலை அளவுகள். மிகைவேகப்படுத்திய அட்டை இவ்வெல்லைகளை மீறக்கூடும்.

பழைய குளிர்விப்பானைக் கழற்றுமுன் அட்டையைச் சில நிமிடங்கள் இயக்கிச் சூடேற்றினால் உலர்ந்த பசை இளகும். திருகுகளை அகற்றிய பின் குளிர்விப்பானை நேரே இழுக்காமல், இடவலமாக மெல்லத் திருப்பிப் பிரிப்பதே பாதுகாப்பானது. விசிறியின் இணைப்புக் கம்பி இன்னும் பலகையில் இருக்கும் என்பதை மறந்து இழுத்து அறுப்பது அடிக்கடி நிகழும் தவறு. பழைய பசை, இழைகள் உதிராத துணியில் ஐசோப்புரொப்பைல் ஆல்ககால் தோய்த்துத் துடைக்கப்படுகிறது.

வரைகலைச் சில்லுகளுக்கு மையச் செயலிகளைப் போல உலோக மூடி பெரும்பாலும் கிடையாது. சிலிக்கானே வெளியில் தெரியும். ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்தால் சில்லின் விளிம்பு நொறுங்கும். எனவே நான்கு திருகுகளும் மூலைவிட்டமாக, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக முறுக்கப்பட வேண்டும். மூடியற்ற சில்லில் பசை அதன் பரப்பு முழுவதையும் மூடுதல் இன்றியமையாதது. மூடப்படாத மூலை, வெப்பம் வெளியேற வழியற்ற மூலையாகும்.

நினைவகத்திற்கும் சீராக்கிகளுக்கும் தெர்மல் பேட் எனப்படும் மென்மையான வெப்பத் திண்டுகள் பயன்படுகின்றன. இவற்றின் கடத்துதிறனைவிடத் தடிமனே முதன்மையானது. அரை மில்லிமீட்டர் மெலிந்தால் திண்டு குளிர்விப்பானைத் தொடாது. அரை மில்லிமீட்டர் தடித்தால் குளிர்விப்பான் தூக்கப்பட்டுச் சில்லின் மீது சரியாக அமராது. 2020 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3090 அட்டையில் நினைவகம் 110 பாகை வரை சூடேறியதால், குறிப்பாக மறையீட்டு நாணயம் அகழ்வோர் அதன் திண்டுகளை மாற்றுவது வழக்கமானது. இம்மாற்றத்தால் நினைவகம் குளிர்ந்தும், தடிமன் பிழையால் சில்லு முன்னிலும் சூடான நிகழ்வுகள் உண்டு.

காலியம் சார்ந்த நீர்ம உலோகம் பசையைவிடப் பன்மடங்கு கடத்துதிறன் உடையது. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி வழிந்தாலும் அட்டை குறுக்குச் சுற்றால் அழியலாம். அலுமினியத்தை அது சிதைத்துவிடும் என்பதால் செம்பு அல்லது நிக்கல் பூசிய அடித்தளத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். முதன்முறை முயல்வோருக்கு இது ஏற்றதன்று.

பொருத்தியபின் உடனே வேகத்தை உயர்த்தாமல், இயல்பு வேகத்தில் ஃபர்மார்க் போன்ற சோதனை மென்பொருளை இயக்கி வெப்பநிலை சீராகிறதா எனப் பார்ப்பது வழக்கம். ஓரிரு நொடிகளில் 90 பாகையைத் தாண்டினால் குளிர்விப்பான் சில்லைத் தொடவில்லை என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். வெப்பநிலை நிலைபெற்ற பின்னரே வேகம் 10 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் படிகளில் உயர்த்தப்படுகிறது. திரையில் நிறப்புள்ளிகள் சிதறித் தோன்றுவது எல்லை மீறப்பட்டதன் அறிகுறி. அது குளிர்ந்த சில்லிலும் தோன்றலாம். குளிர்விப்பு, வெப்பம் என்னும் ஒரு தடையை மட்டுமே நீக்குகிறது. சில்லின் இயல்பான எல்லையை நீக்குவதில்லை.

இடர்களும் மாற்று வழிகளும்

வெப்பநிலையின் அளவைப் போலவே அதன் ஏற்ற இறக்கமும் அட்டைக்குக் கேடானது. சில்லும் அதன் அடிப்பலகையும் வெவ்வேறு விகிதத்தில் விரிவதால் இடையிலுள்ள பற்றாசு முனைகள் காலப்போக்கில் விரிசலடைகின்றன. 2008 சூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிச் சில்லுகளின் பொதிவிலிருந்த இத்தகைய குறைபாட்டிற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. எனவே சுமையின்போது 20 பாகை குறைப்பது வேகத்திற்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் உதவும்.

குளிர்விப்பானைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது எனச் சில தயாரிப்பாளர்கள் திருகின் மீது ஒட்டுச்சீட்டு ஒட்டுகின்றனர். சிலர் பழைய நிலைக்கே திருப்பிப் பொருத்தினால் ஏற்கின்றனர். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டத்தைச் சுட்டி, இத்தகைய ஒட்டுச்சீட்டுகள் தொடர்பாக ஆறு நிறுவனங்களுக்கு அந்நாட்டு வணிக ஆணையம் 2018 இல் எச்சரிக்கை மடல் அனுப்பியது. பிற நாடுகளில் இப்பாதுகாப்பு இருக்குமென எடுத்துக்கொள்ள இயலாது. கழற்றிய திருகுகளையும் பழைய குளிர்விப்பானையும் பாதுகாத்து வைப்பது நல்லது.

செலவின்றிச் செய்யக்கூடியவை சிலவும் உள்ளன. செதில்களில் படிந்த தூசியை அகற்றுதல், சில ஆண்டுகள் பழகிய அட்டையில் பசையை மட்டும் புதுப்பித்தல், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளால் விசிறியின் வேக வரைவைத் திருத்துதல் ஆகியன அவற்றுள் அடங்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து அதே வேகத்தில் இயக்குவது இவற்றுள் மிகுந்த பயன் தருவது. தயாரிப்பாளர்கள் மிக மோசமான சில்லும் இயங்க வேண்டும் என்ற நோக்கில் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகவே அமைக்கின்றனர். வர்க்க விதி இங்குப் பயனருக்குச் சாதகமாகிறது: மின்னழுத்தத்தை 5 விழுக்காடு குறைத்தால், வேகம் மாறாமலே நிலைமாற்ற மின்திறன் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. 290எக்ஸ் போன்ற, வெப்பத்தால் வேகம் இழக்கும் அட்டையில், மின்னழுத்தத்தைக் குறைப்பது வேகத்தைக் கூட்டவும் செய்தது.